இ20 பெட்ரோலும் டர்போ காரும்: ‘டியூனிங்’ செய்தால் மைலேஜ் வருமா, என்ஜின் போகுமா?

நாமக்கல்,-

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரத் தொடங்கிய பிறகு, கார் பட்டறைகளில் ஒரே பேச்சாக இருக்கிறது. “இழுவை குறைஞ்சு போச்சு”, “மைலேஜ் அடி வாங்குது” என்று வண்டிக்காரர்கள் புலம்புகிறார்கள். இந்தப் புலம்பலை வைத்து இன்னொரு வியாபாரமும் சத்தமில்லாமல் வளர்ந்து வருகிறது. அதுதான் ‘டியூனிங்’. டர்போ என்ஜின் உள்ள எஸ்.யு.வி. கார்களில் சின்ன பெட்டி ஒன்றை மாட்டினால் போதும், அல்லது லேப்டாப்பை சொருகி கம்ப்யூட்டர் கணக்கை மாற்றினால் போதும், பறக்கும் என்கிறார்கள்.

பறந்ததா? நம் வீட்டிலேயே நடந்த கதை இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கொல்லிமலையில் நின்ற கார்

என் தங்கச்சி வீட்டுக்காரர் டிராவல்ஸ் ஓட்டுகிறார். ஒரே ஒரு கார்தான். 2021-ம் ஆண்டு மாடல், 1 லிட்டர் 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஸ்.யு.வி. செகண்ட் ஹேண்டில் கடன் போட்டு வாங்கினார். கோவில் டிரிப், கல்யாண டிரிப், ஏர்போர்ட் டிரிப் என்று மாதம் 3 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும். லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, 2025-ல் 13-க்கு வந்து நின்றது. மாப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு கடைக்காரர், “இ20-க்குன்னே டியூனிங் பாக்ஸ் வந்திருக்குங்க. 18 ஆயிரம்தான். இழுவையும் வரும், மைலேஜும் திரும்ப வரும்” என்று சொல்லியிருக்கிறார். ஆகஸ்டு மாதம் மாட்டினார். மாட்டிய அன்று ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி சீறியது உண்மை. என்னையும் உட்கார வைத்து சேலம் ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துக் காட்டினார். நானும் “சூப்பர் மாப்ளே” என்றேன். இன்றைக்கு அதை நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆயுத பூஜை லீவில் கொல்லிமலைக்கு டிரிப். டிரைவரோடு 5 பேர், பின்னால் லக்கேஜ், ஏ.சி. போட்டிருக்கிறது. காரவள்ளியில் இருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூட தாண்டவில்லை. முதலில் டக்கு டக்கு என்று தட்டுகிற மாதிரி சத்தம். அப்புறம் என்ஜின் லைட் எரிந்தது. அப்புறம் மிஸ்ஸிங். கடைசியில் வண்டி இழுக்கவே இல்லை. டூரிஸ்டுகளை வேறு வண்டி பிடித்து மேலே அனுப்பிவிட்டு, காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி கீழே கொண்டு வந்தார்கள்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தால், 2-வது சிலிண்டர் பிஸ்டனில் ரிங்கு உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது. பில் 1 லட்சத்து 35 ஆயிரம். 23 நாள் வண்டி ஓடவில்லை. கடன் தவணை மட்டும் நிற்காமல் ஓடியது. காசு போட்டு வாங்கிய கூடுதல் வாரண்டி இருக்கிறதே என்று கம்பெனிக்குப் போனால், மாட்டியிருந்த பெட்டியை போட்டோ எடுத்துக்கொண்டு “இது எங்க பொறுப்பு இல்லைங்க” என்று கையை விரித்துவிட்டார்கள்.

பெட்டி விற்றவர் பங்க் பெட்ரோல் மேல் பழியைப் போட்டார். பங்கில் கேட்டால் “சர்க்கார் கொடுக்கிறதை நாங்க ஊத்துறோம்” என்கிறார்கள். கம்பெனி பெட்டி மேல் பழி போடுகிறது. ஆக மூன்று பேரும் தப்பித்தார்கள். மாட்டியவர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

யார் மேல் தப்பு? இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும் என்றால் மூன்று விஷயம் புரிய வேண்டும். எத்தனால், டர்போ, டியூனிங்.

எத்தனால் எப்படி வந்தது?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது இன்று நேற்று வந்த கதை அல்ல. 2003-ல் 9 மாநிலங்களில் 5 சதவீதம் என்று ஆரம்பித்தது. 2014-ல்கூட நாடு முழுக்க சராசரியாக ஒன்றரை சதவீதம்தான் கலந்தது. அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6-ந்தேதி பெங்களூரில் நடந்த விழாவில் பிரதமர் மோடி 20 சதவீத பெட்ரோலைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கு 84 பங்குகளில் மட்டும் கிடைத்தது. 2030-ம் ஆண்டுக்குள் என்று முதலில் வைத்த இலக்கை முன்னால் இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. எத்தனால் கலந்ததால் 2014-15-ல் இருந்து 2025 ஜூலை வரை 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அன்னியச் செலாவணி மிச்சம் என்பது பெட்ரோலிய அமைச்சகம் சொன்ன கணக்கு. கரும்பு, சோளம், அரிசி போடுகிற விவசாயிக்கும் பணம் போகிறது. இதெல்லாம் நல்ல விஷயம்தான். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் வண்டி ஓட்டுகிறவன் கேட்கிற கேள்வி வேறு. “நாட்டுக்கு மிச்சம், சரி. என் டேங்குக்கு என்ன ஆச்சு?”

மைலேஜ் ஏன் குறைகிறது?

ஒரு லிட்டர் எத்தனாலை எரித்தால் வருகிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். அரிசியில் கொஞ்சம் தவிடு கலந்த மாதிரி. வயிறு நிறையும், தெம்பு குறையும். அதனால் அதே தூரம் போக கூடுதல் எண்ணெய் வேண்டும்.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. சுத்த பெட்ரோலுக்காக உருவாக்கி 10 சதவீதத்துக்கு செட் செய்யப்பட்ட கார்களில், 20 சதவீதம் ஊற்றினால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம். அதே வகை பைக்குகளில் 3 முதல் 4 சதவீதம். 10 சதவீதத்துக்காக உருவாக்கி 20-க்கு செட் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான்.

இதை காசாகப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடுகிற கார், லிட்டருக்கு 14 கொடுத்தால் 214 லிட்டர் குடிக்கும். 6 சதவீதம் குறைந்தால் 228 லிட்டர். மாதம் சுமார் 1,370 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு டிரைவர் வீட்டுக்கு அது பிள்ளையின் ஸ்கூல் பீஸ். அதுவே 20 சதவீதத்துக்கு செட் ஆன வண்டியாக இருந்து 2 சதவீதம் குறைந்தால், மாதம் 440 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பைக் கணக்கும் பார்க்கலாம். லிட்டருக்கு 45 கொடுக்கிற பைக் மாதம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓடினால், 4 சதவீதக் குறைவுக்கு மாதம் 90 ரூபாய் சொச்சம் கூடுதல் செலவு.

ஒரே எண்ணெய்தான். ஆனால் ஒரு வண்டிக்கு 2 சதவீதம், இன்னொரு வண்டிக்கு 6 சதவீதம். இந்த வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது? அங்கேதான் டியூனிங் கதையே ஆரம்பிக்கிறது.

டர்போவுக்கும் எத்தனாலுக்கும் என்ன உறவு?

சாதா என்ஜின் தானாக மூச்சு இழுக்கும். டர்போ என்ஜினுக்கு காற்றை அமுக்கி ஊதுவார்கள். சைலன்சருக்குப் போகிற சூடான புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். அதனால்தான் 1 லிட்டர் சின்ன என்ஜினே 100 குதிரை சக்தி கொடுக்கிறது. ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட், கைகர் டர்போ இந்த ரகம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டாவின் ஒன்றரை லிட்டர் டர்போ 160 கொடுக்கிறது. மகிந்திராவின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் எக்ஸ்.யு.வி. 700-ல் 200 வரை போனது.

ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். சைக்கிளுக்கு காற்றடிக்கும்போது பம்பு அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சமாச்சாரம். சூடும் அழுத்தமும் எல்லை தாண்டினால், பிளக் அடித்த தீ முழுசாகப் பரவுவதற்குள், மிச்சம் உள்ள பெட்ரோல் கலவை தானாகப் பற்றி வெடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி. பிஸ்டன், ரிங்கு, பேரிங் எல்லாம் அடி வாங்கும். கொல்லிமலையில் கேட்ட டக்கு டக்கு சத்தம் இதுதான்.

இங்கேதான் எத்தனாலின் நல்ல குணம் இருக்கிறது. தானாகப் பற்றாமல் தாக்குப் பிடிக்கிற சக்தியை ‘ஆக்டேன்’ என்கிறார்கள். நம் ஊர் சாதா பெட்ரோல் முன்பு 91 ஆக்டேன். 20 சதவீத எத்தனால் கலந்தது 95. அது மட்டும் இல்லை. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அது போல என்ஜினுக்குள்ளும் குளிர்ச்சி வரும்.

அப்படியானால் டர்போ என்ஜினுக்கு எத்தனால் எதிரியா? இல்லை. சரியாகப் பயன்படுத்தினால் நண்பன். பிளக் அடிக்கும் நேரத்தை கொஞ்சம் முன்னால் தள்ளலாம், டர்போ அழுத்தத்தைக் கூட்டலாம். இழந்த தெம்பில் ஒரு பங்கை திரும்ப எடுக்கலாம். 20 சதவீதத்துக்கு செட் ஆன வண்டியில் 2 சதவீதத்தோடு நஷ்டம் நிற்பதன் ரகசியம் இதுதான்.

எண்ணெய் மாறியது, கணக்கு மாறவில்லை

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எண்ணெய், எப்போது பிளக் அடிக்க வேண்டும் என்று அதற்குள் ஒரு அட்டவணை இருக்கும். அதை ‘மேப்’ என்கிறார்கள். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். 10 சதவீதக் கலவைக்கு 14.1, 20 சதவீதக் கலவைக்கு 13.5. அதாவது அதே காற்றுக்கு 4 சதவீதம் போல கூடுதல் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

பழைய மேப் உள்ள பி.எஸ்.6 காரிலும் இதை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். சைலன்சர் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சார் “எண்ணெய் பத்தலை” என்று சொன்னால், கொஞ்சம் கூட்டி ஊற்றும். அதனால்தான் வண்டி நிற்காமல் ஓடுகிறது. “இ20 போட்டால் என்ஜின் உடனே காலி” என்று வாட்ஸ் அப்பில் வருவது பீதி கிளப்பும் பேச்சு.

ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் செய்யாது. 95 ஆக்டேன் வந்திருக்கிறது என்று தெரிந்து, அட்டவணையின் எல்லையைத் தாண்டி பிளக் நேரத்தை முன்னால் தள்ளாது. ஆக பழைய மேப் வண்டிக்காரனுக்கு எத்தனாலின் கெட்டது முழுசாக வருகிறது, நல்லது வருவதில்லை. இதுதான் பிரச்சினையின் வேர்.

நிதி ஆயோக் போட்ட திட்டப்படி, 2023 ஏப்ரலில் இருந்து 20 சதவீதத்தைத் தாங்கும் ரப்பர், பைப், பம்ப் உள்ள வண்டிகளும், 2025 ஏப்ரலில் இருந்து என்ஜினையே 20-க்கு செட் செய்த வண்டிகளும் வர வேண்டும். நடுவில் வாங்கியவர்கள்? அதற்கு முன்னால் வாங்கியவர்கள்? ரோட்டில் ஓடுகிற வண்டியில் பெரும்பாலானது அதுதானே.

பெட்டியில் என்ன இருக்கிறது?

இந்த இடைவெளியில்தான் டியூனிங் கடைகள் புகுந்துவிட்டன. இதில் இரண்டு ரகம்.

முதல் ரகம், பெட்டி. டர்போ அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இதை மாட்டுவார்கள். இது கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். அழுத்தம் உண்மையில் 10 என்றால் 8 என்று காட்டும். கம்ப்யூட்டர் “குறையுதே” என்று டர்போவை இன்னும் ஊதச் சொல்லும். வண்டி சீறும். அந்தச் சீறலைப் பார்த்துத்தான் நாமும் கை தட்டுகிறோம்.

ஆனால் காற்று எவ்வளவு போகிறது என்று கம்ப்யூட்டருக்கே சரியாகத் தெரியாத நிலை. அது போடுகிற எண்ணெய்க் கணக்கு குறையலாம். பிளக் நேரமும் அந்த அழுத்தத்துக்குப் பொருந்தாது. சமவெளியில் ஒன்றும் தெரியாது. ஆளும் லக்கேஜும் ஏற்றி, மலை ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே போகும்போதுதான் வினை. எத்தனால் எத்தனை சதவீதம் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. “இ20 ஸ்பெஷல்” என்று மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் ஆச்சா?

இரண்டாவது ரகம், ‘ரீமேப்’. லேப்டாப் வழியாக கம்ப்யூட்டரின் அட்டவணையையே மாற்றுவது. இது தெரிந்தவர் கையில் நல்ல வேலை. வண்டியை ரோலர் மேல் ஓட்டி, நாக்கிங் வருகிறதா, எண்ணெய்-காற்று கலவை சரியா என்று பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் கூடுதல் எண்ணெய் ஊற்றத் தெம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இல்லாமல் இண்டர்நெட்டில் கிடைத்த பைலை அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டு காசு வாங்குகிற கடைகள்தான் ஆபத்து.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் டர்போ கார் பிரியர்கள் எத்தனாலைத் தேடிப் போய் ஊற்றுகிறார்கள். அங்கே ‘இ85’ என்று தனி பங்க் குழாயே உண்டு. அதை சாதா பெட்ரோலோடு கலந்து 30 சதவீதம் போல கொண்டு வந்து, அதற்கேற்ப மேப் மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல இழுவை கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். பெயர்தான் 85. சீசனையும் ஊரையும் பொறுத்து உள்ளே 51 முதல் 83 சதவீதம் வரை மாறும். அதனால் விவரமானவர்கள் எண்ணெய்க் குழாயில் எத்தனால் சென்சார் ஒன்றை மாட்டுகிறார்கள். அது சதவீதத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதற்குத் தக்கபடி மேப் மாறும்.

பிரேசிலில் 2003-லேயே எந்தக் கலவையிலும் ஓடும் ‘பிளெக்ஸ்’ கார் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டு 1-ந்தேதியில் இருந்து அங்கே சாதா பெட்ரோலிலேயே 30 சதவீதம் எத்தனால். தனி எத்தனால் குழாயும் உண்டு. அந்த ஊர் டாக்சிக்காரர்கள் ஒரு சின்ன கணக்கு வைத்திருக்கிறார்கள். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். ஓட்டுகிறவனுக்கு தேர்வு இருக்கிறது. வண்டியும் இரண்டையும் தாங்குகிறது. நம்ம ஊரில் வண்டியும் பழசு, குழாயும் ஒன்று.

ஸ்பிரிட் கலக்காதீர்கள்

“நாமே எத்தனால் வாங்கி கூடுதலாகக் கலந்தால் என்ன?” என்று கேட்கிற இளவட்டங்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். லைசென்சு இல்லாமல் ஸ்பிரிட் வைத்திருந்தாலே மதுவிலக்கு சட்டத்தில் கேஸ். அதில் தண்ணீர் இருக்கலாம். கள்ளத்தனமாக வருகிற ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம். எத்தனால் வேறு, மெத்தனால் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இந்த மெத்தனால் கலந்த சாராயம்தான். அதை வீட்டில் கேனில் வைத்திருப்பது என்ஜினுக்கு மட்டுமா ஆபத்து?

தண்ணீர் விஷயமும் முக்கியம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்கில் அளவு மீறி தண்ணீர் போனால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்பு அடியில் இருந்துதானே உறிஞ்சும்? வண்டி நின்றுவிடும். மழைக்காலத்தில் டேங்கு மூடி ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியில் டேங்கை காலியாகப் போட்டு வைக்கக் கூடாது.

பழைய வண்டிகளில் சில ரப்பர் சாமான், கேஸ்கெட் போன்றவற்றை 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோ மீட்டரில் மாற்ற வேண்டி வரலாம், செலவு பெரிசாக இருக்காது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதி இல்லாமல் மாற்றினால் 182-ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்று இருக்கிறது. குதிரை சக்தியைக் கூட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றியும் பெரிய குழப்பம் கிளம்பியது. இ20 ஊற்றியதால் மட்டும் இன்சூரன்ஸ் செல்லாது என்பது பொய், பாலிசி செல்லும் என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்துவிட்டது. ஆனால் வண்டியை மாற்றிவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், கிளெய்ம் நேரத்தில் தகராறு வரலாம். பங்கில் கிடைக்கிற எண்ணெயை ஊற்றியவர் தப்பு செய்யவில்லை. பெட்டி மாட்டியவர் நிலைமை வேறு.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் தனியாகக் கிடைக்க வேண்டும் என்று போடப்பட்ட பொதுநல வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந்தேதி தள்ளுபடி செய்தது. ஆகவே கோர்ட்டு வழியாக உடனே எதுவும் மாறும் என்று காத்திருக்க முடியாது.

முட்டைக்கும் இதில் பங்கு உண்டு

நாமக்கல்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இப்போது எத்தனால் தயாரிப்பில் கரும்பை முந்திக்கொண்டு மக்காச்சோளம் முன்னுக்கு வந்துவிட்டது. கோழித் தீவனத்தில் பாதிக்குப் பாதி அந்த மக்காச்சோளம்தான். வெளிநாட்டுக்கு சோளம் விற்றுக்கொண்டிருந்த நாடு, 2024-ல் வாங்குகிற நாடாக மாறியது. சோளம் விலை ஏறினால் விவசாயிக்கு லாபம். பண்ணைக்காரருக்கு செலவு. காருக்கும் கோழிக்கும் ஒரே தட்டில் சாப்பாடு. கார் இல்லாதவர் வீட்டு முட்டைப் பொரியலுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

* முதலில் மைலேஜை சரியாக அளக்கவும். டேங்கை முழுசாக நிரப்பி, கிலோ மீட்டரை குறித்துக்கொண்டு, மறுபடி முழுசாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுக்கவும். 3 டேங்கு பார்த்தால்தான் உண்மை தெரியும். டாஷ்போர்டு காட்டுவதை நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

* டயர் காற்று, ஏர் பில்டர், பிளக் இந்த மூன்றையும் பார்க்கவும். எத்தனால் மேல் போடுகிற பழியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடலாம்.

* பெட்ரோல் மூடியின் உள்பக்கமும் கார் புத்தகத்திலும் இ10, இ20 என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

* செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்கும்போது, முன்பு பெட்டி மாட்டியதா, ரீமேப் செய்ததா என்று கேட்கவும். மெக்கானிக்கை வைத்து சென்சார் வயர்களில் வெட்டு, ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கவும்.

* மலை ஏற்றத்தில் பெரிய கியரிலேயே மிதித்து அழுத்த வேண்டாம். ஒரு கியர் குறைத்துப் போனால் நாக்கிங் வாய்ப்பு குறையும்.

* தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்கவும். என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டவும். “மேலே போய் பார்த்துக்கலாம்” என்று போகக் கூடாது.

* உங்கள் மாடலுக்கு இ20 மேப் அப்டேட் இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலமாகக் கேட்கவும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

10 சதவீத பெட்ரோலை பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக தொடர்ந்து கிடைக்கச் செய்ய வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருந்தது. மைலேஜ் குறைவதை ஈடுகட்ட விலையில் சலுகை வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஆனால் எத்தனால் கொள்முதல் விலையே 2024-25-ல் சராசரியாக லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு ஆகிவிட்டது, பெட்ரோல் சுத்திகரிப்பு விலையைவிட அதிகம், அதனால் விலை குறைக்க வழியில்லை என்பது அமைச்சகத்தின் பதில். அன்னியச் செலாவணி மிச்சம் நாட்டுக்கு. சோளப் பணம் விவசாயிக்கு. மைலேஜ் நஷ்டம் மட்டும் ஏன் முழுசாக ஓட்டுகிறவன் தலையில்?

கார் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. டர்போ என்ஜினுக்கு எத்தனால் நல்லது செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். புது வண்டியில் அந்த நல்லதை எடுத்துக் கொடுக்கிறார்கள். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டர்போ வண்டிகளில் முடிந்த மாடலுக்கெல்லாம், நியாயமான ரேட்டில் கம்பெனியே மேப்பை மாற்றிக் கொடுத்தால், பெட்டிக் கடைக்கு யார் போகப் போகிறார்கள்? வாரண்டியும் போகாது, என்ஜினும் போகாது.

மாப்பிள்ளை வண்டி இப்போது ஓடுகிறது. பெட்டி இல்லை. மைலேஜ் 13-தான். அந்தப் பெட்டியை அவர் தூக்கிப் போடவில்லை. டாஷ்போர்டு டிராயரில் வைத்திருக்கிறார். “ஏன் மாப்ளே?” என்று கேட்டேன். “யாராவது டிரைவர் பசங்க மாட்டப் போறேன்னு சொன்னா, எடுத்துக் காட்டி பில்லையும் காட்டுவேன் மச்சான்” என்றார்.

மாதம் 1,370 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 1 லட்சத்து 35 ஆயிரத்தை விட்ட பில் அது. 8 வருஷ மைலேஜ் நஷ்டம் ஒரே மலை ஏற்றத்தில் போய்விட்டது.